புதிய கிராஃபிக்ஸ் கார்டு போட்டதும் திரை மினுக்குகிறதா? கார்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

புதிய கார்டைப் பொருத்தி கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை மினுக்கினால், எல்லாரும் முதலில் சந்தேகப்படுவது கார்டைத்தான். பெரும்பாலும் அது தவறான சந்தேகம். கெட்ட கார்டு கைக்கு வருவது உண்டு. ஆனால் அதைவிட அதிகம் பார்ப்பது வேறு மூன்று கோளாறுகளை: புதிய வேகத்துக்கு ஈடுகொடுக்காத பழைய கேபிள், பழைய கார்டு விட்டுப்போன டிரைவர் (கார்டை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்) மிச்சங்கள், முழுவதும் உள்ளே போகாத மின் இணைப்பு. மூன்றையும் வீட்டிலேயே, அதிகச் செலவில்லாமல் சோதித்துவிடலாம்.

"நேற்று வரை இதே கேபிள் நன்றாகத்தானே ஓடியது" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பழைய கார்டு 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்து, ஓட்டியிருக்கும். புதியது அதே மானிட்டரைப் பார்த்ததும் 144 ஹெர்ட்ஸுக்குத் தாவும். கேபிள் மாறவில்லை, அதன் வழியே போகும் சுமை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

தொடங்கும் முன் ஒரு விதி. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். கேபிளையும் மாற்றி, டிரைவரையும் மாற்றி, செட்டிங்ஸையும் தொட்டால், மினுக்கல் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. ஒரு வாரத்தில் திரும்பி வந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள்.

எப்படி மினுக்குகிறது?

"மினுக்குகிறது" என்று பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. பத்து நிமிடம் உட்கார்ந்து கவனியுங்கள். எப்போது, எந்தப் பகுதியில், எந்த வேலையின்போது வருகிறது என்பதே பாதி விடை.

திரை முழுவதும் கறுத்து, ஓரிரு நொடியில் தானாகத் திரும்பினால் கார்டுக்கும் மானிட்டருக்கும் இடையிலான இணைப்பு அறுந்து மறுபடி சேர்கிறது என்று பொருள். கேபிள், போர்ட் இரண்டையும் முதலில் பாருங்கள். படத்தின் மேல் வெள்ளைப் புள்ளிகள் மின்னுவதும், கிடைமட்டக் கோடு ஒன்று பளிச்சென்று வந்து மறைவதும் இதே வகைதான். இணைப்பு அறுவதற்குச் சற்று முந்திய நிலை.

படம் போகாமல் வெளிச்சம் மட்டும் துடித்தால், அதுவும் விளையாட்டின் இருண்ட காட்சியிலோ லோடிங் திரையிலோ துடித்தால், மாறும் ரிஃப்ரெஷ் ரேட் வசதியின் (விளையாட்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரின் புதுப்பிப்பு வேகத்தை மாற்றுவது) வேலை அது. ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் என்ற பெயர்களில் அதை அறிந்திருப்பீர்கள்.

படம் உறைந்து, கறுத்து, சில நொடியில் திரும்பினால் டிரைவர் விழுந்து எழுந்திருக்கிறது. திரை கறுத்து, கார்டின் விசிறிகள் முழு வேகத்தில் இரைந்து, கம்ப்யூட்டர் எதற்கும் அசையாமல் நின்றால் மின்சாரப் பக்கம் போங்கள். வண்ணச் சதுரங்கள், சதுரங்கப் பலகை போன்ற கட்டங்கள், இழுத்து நீட்டிய முக்கோணங்கள் தெரிந்தால்தான் கார்டின் நினைவகத்தையோ அதன் சூட்டையோ உண்மையாகச் சந்தேகிக்க வேண்டும்.

உலாவியில் மட்டும், அல்லது ஒரே ஒரு செயலியில் மட்டும் மினுக்கினால் நிம்மதியாக இருங்கள். அது மென்பொருள் சிக்கல், பெட்டியைத் திறக்கவே தேவையில்லை.

ஐந்து நிமிடத்தில் மூன்று சோதனைகள்

முதல் சோதனை, மானிட்டரின் சொந்த மெனு. மானிட்டருக்குக் கீழேயோ பின்னாலோ உள்ள பொத்தானை அழுத்தி அந்த மெனுவைத் திறந்து வையுங்கள். அந்த மெனுவை வரைவது மானிட்டர். கார்டுக்கு அதில் பங்கில்லை. படம் மினுக்கும்போது மெனு மட்டும் அசையாமல் நின்றால் கோளாறு கேபிளிலோ கார்டிலோ டிரைவரிலோ இருக்கிறது. மெனுவும் சேர்ந்து துடித்தால் மானிட்டரின் பின்னொளியையோ பேனலையோ சந்தேகிக்கலாம். ஒரு விதிவிலக்கு: மாறும் ரிஃப்ரெஷ் ரேட்டால் வரும் வெளிச்சத் துடிப்பில் மெனுவும் துடிக்கும், ஏனென்றால் பேனல் முழுவதும் அதே தாளத்தில்தான் ஓடுகிறது. அந்த வசதியை அணைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

இரண்டாவது, பயாஸ். விண்டோஸ் ஏறும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரை அது. கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் விசையை, சில மதர்போர்டுகளில் எஃப்2 விசையை, விட்டுவிட்டு அழுத்தினால் பயாஸ் திறக்கும். அங்கே விண்டோஸும் இல்லை, நீங்கள் நிறுவிய டிரைவரும் இல்லை. அங்கேயும் மினுக்கினால் டிரைவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இதைத் தலைகீழாகப் படிக்கக் கூடாது. பயாஸ் பெரும்பாலும் குறைந்த தெளிவில், 60 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. கேபிளுக்குச் சுமையே இல்லை. அங்கே நன்றாக இருந்தது என்பதால் கேபிள் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம்.

மூன்றாவது, மைக்ரோசாஃப்டே பரிந்துரைக்கும் சோதனை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறங்கள். திரையில் உள்ள எல்லாவற்றோடும் டாஸ்க் மேனேஜரும் மினுக்கினால் டிரைவர் பக்கம். அது மட்டும் நிலையாக நின்று மற்றவை மினுக்கினால் ஏதோ ஒரு செயலி ஒத்துப்போகவில்லை. அப்போது உலாவியின் செட்டிங்ஸில் ஹார்ட்வேர் ஆக்சிலரேஷனை (உலாவியின் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி) அணைத்துப் பாருங்கள். திரைமேல் எண்களைக் காட்டும் ஓவர்லே செயலிகள், மதர்போர்டோடு வந்த விளக்கு நிறச் செயலிகள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

நடுவில் திரை முழுதும் குழம்பிப்போனால் விண்டோஸ் விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் ஒன்றாக அழுத்துங்கள். டிரைவர் மறுபடி தொடங்கும். திறந்திருக்கும் வேலை போகாது. இதற்குப் பிறகு மினுக்கல் சற்று நேரம் நின்றால் அதையும் தாளில் குறியுங்கள்.

கேபிள்

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் அதிகக் கோளாறு இங்கேதான்.

முதலில் ஒரு எளிய விஷயம்: மானிட்டர் கேபிள் புதிய கார்டில்தான் செருகியிருக்கிறதா? கம்ப்யூட்டரின் பின்புறத்தில் மதர்போர்டின் போர்ட்கள் மேலே, யூஎஸ்பி துளைகளோடு சேர்ந்து இருக்கும். கார்டின் போர்ட்கள் அதற்குக் கீழே, தனியாகப் படுக்கைவாட்டில் இருக்கும். கேபிள் மேலே இருந்தால் புதிய கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது.

அடுத்தது கணக்கு. 1080பி, 60 ஹெர்ட்ஸ் படத்துக்கு நொடிக்குச் சுமார் 3.2 கிகாபிட் போதும். 1440பி, 144 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 14. 4கே, 60 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 12.5. 4கே, 120 ஹெர்ட்ஸுக்கு 8 பிட் நிறத்திலேயே ஏறத்தாழ 26. இனி இந்தப் பக்கம் பாருங்கள்: எச்டிஎம்ஐ 2.0 உண்மையில் சுமந்து செல்வது 14.4 கிகாபிட். டிஸ்பிளேபோர்ட் 1.2 சுமப்பது 17.28, டிஸ்பிளேபோர்ட் 1.4 சுமப்பது 25.92. 1440பி, 144 ஹெர்ட்ஸ் மானிட்டரை எச்டிஎம்ஐ 2.0 வழியே ஓட்டினால் விளிம்பில் நடக்கிறீர்கள். கேபிள் கொஞ்சம் தரம் குறைந்தாலும் படம் அறுபடும். அதே மானிட்டரை டிஸ்பிளேபோர்ட்டுக்கு மாற்றினால் போதிய இடம் கிடைக்கிறது. கம்ப்யூட்டர் மானிட்டருக்கு டிஸ்பிளேபோர்ட், தொலைக்காட்சிக்கு எச்டிஎம்ஐ 2.1 என்பது எங்கள் பொதுவான பரிந்துரை.

சோதனை இது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்பிளே, அட்வான்ஸ்டு டிஸ்பிளே என்று போய், ரிஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸாகக் குறையுங்கள். அரைமணி நேரம் வழக்கமான வேலையைச் செய்யுங்கள். மினுக்கல் அடியோடு நின்றால் கேபிள் மீதான சந்தேகம் வலுக்கிறது. பிறகு 120க்கு ஏற்றுங்கள், அதன் பின் 144. எந்தப் படியில் கோளாறு திரும்புகிறது என்று பாருங்கள். பல மானிட்டர்களின் மெனுவில் டிஸ்பிளேபோர்ட் பதிப்பை 1.4இலிருந்து 1.2க்கு இறக்கும் வசதி இருக்கும். 1440பி, 144 ஹெர்ட்ஸ், 8 பிட் நிறம் வரை 1.2 தாராளமாகப் போதும். அப்படி இறக்கியதும் மினுக்கல் நின்றால், அதிக வேகத்தில் கேபிள் தாங்கவில்லை என்பது தெளிவு.

கேபிள் வாங்கும்போது விளம்பர வாசகத்தை நம்பாமல் சான்று முத்திரையைப் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.1க்கு "அல்ட்ரா ஹை ஸ்பீட்" என்ற ஒட்டு, ஸ்கேன் செய்யக்கூடிய கியூஆர் குறியோடு, பெட்டியில் இருக்க வேண்டும். டிஸ்பிளேபோர்ட்டுக்கு விஇஎஸ்ஏ அமைப்பின் சான்று பெற்ற டிபி8கே, அல்லது அதைவிடப் புதிய டிபி40, டிபி80 வகை. நீளம் 2 மீட்டருக்குள் இருக்கட்டும். மேசைக்கு அடியில் கம்ப்யூட்டரும் மேலே மானிட்டரும் இருக்கும் நம் அறைகளில் ஒன்றரை மீட்டர் போதும். "எதற்கும் இருக்கட்டும்" என்று 5 மீட்டர் கேபிள் வாங்கிச் சுருட்டி வைப்பவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம். சிங்கப்பூரின் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேரில் கேபிள் கேட்டால் கடைக்காரர் பல விலையில் எடுத்துப் போடுவார். முத்திரை உள்ளதை மட்டும் கேளுங்கள், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மலிவான சில டிஸ்பிளேபோர்ட் கேபிள்களில் தரநிலைக்கு மாறாக 20ஆவது பின் இரு முனைக்கும் இணைக்கப்பட்டிருக்கும். அதன் வழியே மானிட்டரிலிருந்து கார்டுக்கு மின்சாரம் பின்னோக்கி ஓடும். கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் உள்ளே ஏதோ விளக்கு எரிந்தாலோ, கேபிளைப் பிடுங்கினால்தான் கம்ப்யூட்டர் ஒழுங்காகத் தொடங்கினாலோ, அந்தக் கேபிளைத் தூக்கிப் போடுங்கள்.

இடையில் அடாப்டர், கேவிஎம் சுவிட்ச் (ஒரே மானிட்டரை இரண்டு கம்ப்யூட்டருக்குப் பகிரும் பெட்டி), கேபிள் நீட்டிப்பு எதுவும் இருந்தால் சோதனை முடியும் வரை எல்லாவற்றையும் கழற்றி, கார்டையும் மானிட்டரையும் நேரடியாக இணையுங்கள். கார்டில் உள்ள மற்ற டிஸ்பிளேபோர்ட் துளைகளிலும் மாற்றிச் செருகிப் பாருங்கள்.

இன்னொன்று, கேட்டால் நம்ப மாட்டீர்கள். நாற்காலியிலிருந்து எழும்போதோ உட்காரும்போதோ திரை ஒரு நொடி கறுக்கிறதா? உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் கேஸ் சிலிண்டர் வைத்த நாற்காலிகள் நிலைமின் துடிப்பை வெளியிடும். கவசம் சரியில்லாத கேபிள் அதை வாங்கிக்கொள்ளும். சிங்கப்பூரின் ஈரக் காற்றில் நிலைமின்சாரம் குறைவுதான். ஆனால் கதவைச் சாத்தி நாள் முழுக்க ஏர்கான் ஓடும் அறையில் காற்று காய்ந்துவிடும். நல்ல கவசமுள்ள குட்டையான கேபிள் இதைத் தீர்க்கும்.

டிரைவரைத் துடைத்துப் போடுவது

பழைய கார்டு ஏஎம்டி, புதியது என்விடியா என்றாலோ, மறுபக்கமாக இருந்தாலோ இதைத் தவிர்க்க வேண்டாம். ஒரே நிறுவனத்தின் கார்டுகளுக்கு இடையில் மாறும்போது பெரும்பாலும் தேவைப்படாது. ஆனாலும் மினுக்கல் இருந்தால் செய்துவிடுங்கள்.

1. புதிய கார்டுக்கான டிரைவரை என்விடியா, ஏஎம்டி அல்லது இன்டெல் தளத்திலிருந்தே இறக்கி வையுங்கள். டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர் என்ற இலவசக் கருவியையும் இறக்குங்கள். டிடியூ என்றால் எல்லாருக்கும் தெரியும்.

2. விண்டோஸ் 11 கம்ப்யூட்டர்கள் பலவற்றில் வட்டு குறியாக்கம் தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். விண்டோஸ் அடிப்படை டிரைவர்களோடு மட்டும் ஓடும் சேஃப் மோடுக்குப் போகும்போது, அந்தக் குறியாக்கத்தைத் திறக்கும் பிட்லாக்கர் மீட்புச் சாவியைக் கேட்கலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கச் சாவியை இப்போதே தாளில் எழுதிவையுங்கள். கணக்கின் கடவுச்சொல்லும் நினைவில் இருக்கட்டும். விண்டோஸில் நுழையப் போடும் பின் (PIN) எண் அங்கே வேலை செய்யாமல் போகலாம். இந்தப் படியைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

3. இணையத்தைத் துண்டியுங்கள். கேபிள் என்றால் பிடுங்குங்கள், வைஃபை என்றால் அணையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் துடைத்து முடித்ததும் விண்டோஸ் அப்டேட் தன் விருப்பத்துக்கு ஒரு டிரைவரைக் கொண்டுவந்து போட்டுவிடும்.

4. ஷிஃப்ட் விசையைப் பிடித்தபடி ரீஸ்டார்ட் அழுத்துங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட் என்று வரிசையாகப் போய், பட்டியல் வந்ததும் 4ஐ அழுத்துங்கள். சேஃப் மோடு திறக்கும்.

5. டிடியூவைத் திறந்து, ஜிபியூ என்பதையும் பழைய கார்டின் நிறுவனத்தையும் தேர்ந்து, துடைத்து மறுதொடக்கம் செய்யும் பொத்தானை அழுத்துங்கள். இரண்டு நிறுவனங்களின் மிச்சமும் இருந்தால் இரண்டுக்கும் ஒவ்வொரு முறை.

6. சாதாரணமாகத் திரும்பி வந்ததும், இறக்கி வைத்த டிரைவரை நிறுவுங்கள். என்விடியாவில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தால் கிளீன் இன்ஸ்டாலேஷன் என்ற பெட்டி வரும், அதைக் குறியுங்கள். எல்லாம் முடிந்த பிறகு இணையம்.

மிகப் புதிய டிரைவர்தான் மிக நல்லது என்று இல்லை. சில பதிப்புகளிலேயே மினுக்கல் கோளாறு இருந்து, அடுத்த பதிப்பில் திருத்தப்படும். டிரைவரோடு வரும் வெளியீட்டுக் குறிப்பில் "அறியப்பட்ட சிக்கல்கள்" பகுதியைப் படியுங்கள். உங்கள் கோளாறு அங்கே இருந்தால் ஒன்றிரண்டு பதிப்பு பின்னால் போங்கள்.

நிறுவிய பிறகும் டிரைவர் விழுகிறதா என்று அறிய, விண்டோஸ் தன் கோளாறுகளைப் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குள் சிஸ்டம் பட்டியலைப் பாருங்கள். மினுக்கிய அதே நேரத்தில் டிஸ்பிளே என்ற பெயரில் 4101 எண் நிகழ்வு இருந்தால், டிரைவர் பதில் சொல்லாமல் நின்று மீண்டிருக்கிறது. கெர்னல்-பவர் 41 இருந்தால் கம்ப்யூட்டர் முறையாக அணையாமல் மறுதொடக்கமாகியிருக்கிறது. மின்சாரப் பக்கம் பார்க்க ஒரு குறிப்பு அது. எதுவுமே பதிவாகாமல் திரை மட்டும் கறுத்துத் திரும்பினால், மறுபடி கேபிளைத்தான் காட்டுகிறது.

மாற்றிப் பார்க்க வேண்டிய செட்டிங்ஸ்

ஜி-சிங்க், ஃப்ரீசிங்க் இரண்டும் விளையாட்டின் பிரேம் எண்ணிக்கைக்கு ஏற்ப மானிட்டரின் வேகத்தை மாற்றுகின்றன. விஏ, ஓஎல்இடி என்ற திரை வகைகளில் அந்த வேகம் திடீரென ஏறி இறங்கும்போது இருண்ட நிறங்களின் வெளிச்சமும் சேர்ந்து மாறும். அதுதான் துடிப்பாகத் தெரிகிறது. கார்டில் குறையில்லை, பேனலின் இயல்பு இது. என்விடியா கன்ட்ரோல் பேனலில் ஜி-சிங்க்கை முழுத்திரைக்கு மட்டும் என்று வையுங்கள். ஜன்னல் முறையில் உலாவியும் டெஸ்க்டாப்பும் மினுக்குவது அதோடு நிற்கும். விளையாட்டுக்குள் பிரேம் எண்ணிக்கைக்கு ஒரு வரம்பு போடுங்கள்: கார்டு 90க்கும் 140க்கும் இடையே அலைந்தால் 90இல் நிறுத்துங்கள். துடிப்பு வெகுவாகக் குறையும். லோடிங் திரையில் மட்டும் துடித்தால் விட்டுவிடுங்கள், எதையும் கெடுக்காது.

இரண்டு மானிட்டர் வைத்திருப்பவர்கள், ஒன்று 144, இன்னொன்று 60 என்றால், கார்டின் நினைவக வேகம் ஓய்வுநிலையில் ஏறி இறங்கும்போது மினுக்குவதைப் பார்க்கலாம். வேகமான மானிட்டரை 120க்கு இறக்கிப் பாருங்கள். இரண்டாவது மானிட்டரின் கேபிளைக் கழற்றியதும் நின்றால் காரணம் உறுதி.

வீடியோ ஓடும்போதோ ஜன்னல்களை இழுக்கும்போதோ மட்டும் மினுக்கினால், விண்டோஸின் மல்டிபிளேன் ஓவர்லே வசதியை (பல படலங்களைச் சேர்த்துக் காட்டும் வேலையைக் கார்டிடம் விடுவது) சந்தேகிக்கலாம். அதை அணைப்பதற்கான ரெஜிஸ்ட்ரி கோப்பை என்விடியா தன் உதவிப் பக்கத்தில் வெளியிட்டிருக்கிறது. அதைத் திரும்பப் போடும் கோப்பும் அங்கேயே உண்டு. கையால் ரெஜிஸ்ட்ரியைத் திருத்துவதைவிட அது பாதுகாப்பு. எச்டிஆர் (வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டுவது), 10 பிட் நிறம் இரண்டையும் கூடச் சோதனைக்காக அணையுங்கள். 10 பிட் கேபிளின் சுமையைக் கால் பங்கு கூட்டுகிறது.

மின்சாரமும் பொருத்தமும்

இப்போதுதான் பெட்டியைத் திறக்கிறோம். கம்ப்யூட்டரை அணைத்து, சுவர் சுவிட்சையும் அணைத்து, பிளக்கை எடுத்துவிட்டு, பவர் பொத்தானைப் பத்து நொடி அழுத்திப் பிடியுங்கள். உள்ளே கைவைக்கும் முன் பெட்டியின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள்.

கார்டை ஒருமுறை முழுவதும் எடுத்துத் திரும்பப் பொருத்துங்கள். மதர்போர்டில் ப்ராசசருக்கு மிக அருகில் உள்ள நீளமான துளையில், தாழ்ப்பாள் "டிக்" என்று ஒலிக்கும் வரை இறங்க வேண்டும். பிறகு பின்புறத் தகட்டின் திருகுகளை இறுக்குங்கள். கனமான கார்டின் முனை தொங்கினால் அடியில் ஒரு தாங்கி வையுங்கள். தொங்கும் கார்டு துளையின் ஒரு பக்கத்தில் தொடுப்பை இழக்கும்.

மின் கணக்கு இப்படி: மதர்போர்டுத் துளை கார்டுக்குத் தருவது 75 வாட் வரை. 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. ஆர்டிஎக்ஸ் 4060 மொத்தம் 115 வாட் இழுக்கிறது, 550 வாட் பவர் சப்ளை போதும் என்கிறது என்விடியா. ஆர்டிஎக்ஸ் 4070க்கு 200 வாட், பரிந்துரை 650. ஆர்டிஎக்ஸ் 3080 என்றால் 320 வாட், பரிந்துரை 750. இவை சராசரிக் கணக்குகள். ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குப் பெரிய கார்டுகள் இதைவிட மிக அதிகமாக இழுத்துவிடும். பல ஆண்டு ஓடிய பவர் சப்ளை அந்தத் துடிப்பில் தடுமாறும், திரை கறுக்கும்.

இரண்டு 8 பின் துளை உள்ள கார்டுக்கு, பவர் சப்ளையிலிருந்து இரண்டு தனித்தனி கேபிள் இழுங்கள். ஒரே கேபிளின் நுனியில் இரட்டையாகத் தொங்கும் இணைப்பு, அதிகம் இழுக்கும் கார்டுக்கு வேண்டாம். 16 பின் இணைப்பாக இருந்தால் இடைவெளி தெரியாத அளவுக்கு அழுத்திச் செருகி, முனையிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை வளைக்காமல் விடுங்கள். அரைகுறையாகச் செருகியவை உருகியிருக்கின்றன. பிளாஸ்டிக் கருகிய வாடையோ நிறமாற்றமோ இருந்தால் மறுபடி போடவே வேண்டாம்.

இதைப் பெரிய எழுத்தில் படித்துக்கொள்ளுங்கள்: கழற்றி மாட்டும் பவர் சப்ளைகளின் கேபிள்களை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் கூடாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களுக்குள்ளும் கூடாது. துளையில் பொருந்தும், ஆனால் உள்ளே கம்பிகளின் வரிசை வேறாக இருக்கலாம். ஒரு நொடியில் புதிய கார்டு எரிந்துவிடும்.

சுவர்ப் பக்கமும் பாருங்கள். சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், 13 ஆம்ப் மூன்று பின் பிளக். ஒரு துளை ஏறத்தாழ 3,000 வாட் தாங்கும், கம்ப்யூட்டருக்கு அது தாராளம். தொல்லை எக்ஸ்டென்ஷனில்தான். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் படுக்கையறையில் ஒரே பலகையில் கம்ப்யூட்டர், இரண்டு மானிட்டர், ரூட்டர், விசிறி, சார்ஜர் என்று தொங்கும். துளை தளர்ந்த பழைய பலகை தொடுப்பை விட்டுவிட்டுப் பிடிக்கும். சோதனைக்காக கம்ப்யூட்டரையும் மானிட்டரையும் நேராகச் சுவரில் செருகுங்கள். பிறகு பலகை வாங்கினால் சேஃப்டி மார்க் முத்திரை உள்ளதை வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பவர் சப்ளையோடு இரண்டு பின் வயர் வந்திருந்தால், பயண அடாப்டரைப் போட்டுச் சமாளிக்காமல் மூன்று பின் வயர் ஒன்று வாங்கிவிடுங்கள். எர்த் இல்லாமல் ஓடும் பெட்டியில் கை வைத்தால் சுருக்கென்று இருக்கும், இரைச்சலும் கேபிள்களில் ஏறும்.

அழகுக்காக கார்டைச் செங்குத்தாக ரைசர் கேபிளில் (கார்டையும் மதர்போர்டுத் துளையையும் இணைக்கும் நீட்டிப்பு) மாட்டியிருந்தால், அந்த ரைசரைக் கழற்றி நேராகப் பொருத்திப் பாருங்கள். பிசிஐஇ (கார்டு செருகும் துளையின் தரநிலை) மூன்றாம் தலைமுறைக்கான ரைசரில் நான்காம் தலைமுறைக் கார்டை ஓட்டினால் திரை கறுப்பதும் உறைவதும் சாதாரணம். பயாஸில் அந்தத் துளையின் வேகத்தை ஜென் 3 (மூன்றாம் தலைமுறை) என்று இறக்கினாலும் சரியாகும். வேக இழப்பு பெரிதாகத் தெரியாது.

கார்டைச் சந்தேகிக்கும் நேரம்

வேறொரு நல்ல கேபிள், துடைத்த டிரைவர், நேரான மின் இணைப்பு எல்லாம் முடிந்தும் மினுக்குகிறது, அல்லது வண்ணச் சதுரங்கள் தெரிகின்றன என்றால், வெப்பத்தைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ செயலியைத் திறந்து வைத்து ஒரு விளையாட்டை அரைமணி ஓட்டுங்கள். கார்டின் வெப்பம் 65 முதல் 80 டிகிரிக்குள் நிற்பது வழக்கம். நினைவக வெப்பம் 100ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போகும்போதுதான் சதுரங்கள் வருகின்றன என்றால் காற்றோட்டத்தைச் சரிசெய்யுங்கள். நம் ஊர் வெக்கையில், ஏர்கான் இல்லாத பிற்பகலில், மேசைக்கு அடியில் சுவரோடு ஒட்டிய பெட்டி கொஞ்ச நேரத்தில் அடுப்பாகிவிடும்.

தொழிற்சாலையிலேயே வேகம் கூட்டப்பட்ட கார்டு என்றால், கார்டின் வேகத்தை மாற்றும் ஆஃப்டர்பர்னர் செயலியில் கோர் வேகத்தை 50 முதல் 100 மெகாஹெர்ட்ஸ் குறைத்துப் பாருங்கள். குறைத்ததும் நின்றால், அறிவித்த வேகத்தைத் தாங்காத கார்டு அது. குறைத்த வேகத்திலேயே ஓட்டிச் சமாளிக்காதீர்கள். நீங்கள் கொடுத்த காசுக்கு அந்த வேகம் சேர வேண்டும், உத்தரவாதத்தில் மாற்றுங்கள். கடைசிச் சோதனையாக, நண்பர் ஒருவரின் கம்ப்யூட்டரில் இந்தக் கார்டைப் போட்டுப் பாருங்கள். அங்கேயும் மினுக்கினால் சந்தேகமே இல்லை.

பழைய பொருள்கள் விற்கும் கேரோசல் தளத்தில் கார்டு வாங்கியவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைக் கார்டுகள் சில புதிய டிஸ்பிளேபோர்ட் மானிட்டர்களில் விண்டோஸ் ஏறும் வரை திரையைக் காட்டாமல் இருக்கும். இதற்கென்றே என்விடியா 2018இல் ஒரு ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கருவியை வெளியிட்டது. அதை ஓட்டினால் போதும்.

கடைக்குப் போகும் முன்

கார்டு, அதன் பெட்டி, ரசீது, நீங்கள் எழுதிய தாள், ஒரு வீடியோ ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோளாறு கடையில் வராமல் போனால் கையில் இருப்பது அந்த வீடியோதான், அதனால் அதைக் கவனமாக எடுங்கள். மானிட்டரின் மெனுவைத் திறந்து வைத்து, மெனு அசையாமல் படம் மட்டும் மினுக்குவது தெரியும்படி பிடியுங்கள். கைப்பேசியில் உருளும் கறுப்புப் பட்டைகள் கேமராவின் வேலை, அவை கோளாறாகாது. மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் இருக்கும்போது ஷட்டரை 1/60 நொடியில் வைத்தால் அவை பெரும்பாலும் மறையும்.

உள்ளூர் விநியோகஸ்தர் வழியாக வந்த கார்டுக்கு உத்தரவாதம் இங்கேயே கிடைக்கும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கியதைப் பல நிறுவனங்கள் வாங்கிய நாட்டுக்கே அனுப்பச் சொல்லும். ஆகவே வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் கைவிரித்தால் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. சிங்கப்பூரில் 'லெமன் லா' என்று அழைக்கப்படும் விதிகள் 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றே கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப் பொருள் கேட்கலாம். அது முடியாதபோது விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்பக் கேட்கலாம். கடையில் வாங்கிய பழைய பொருளுக்கும் இது பொருந்தும், தனிநபரிடம் வாங்கியதற்குப் பொருந்தாது. பேசியும் முடியாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மேலே 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. அங்கே வழக்கறிஞர் வாதாட அனுமதி இல்லை, 2 ஆண்டுக்குள் பதிய வேண்டும்.